சிமெண்ட் தளத்தை உடைக்காமல் அடியில் பைப் நுழைப்பது எப்படி?

கார் நிறுத்தும் தளமோ, வாசலிலிருந்து கேட் வரை போட்ட பாதையோ குறுக்கே கிடக்கிறது. அந்தப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் லைன் போக வேண்டும், அல்லது கேட் விளக்குக்கு ஒயர் போக வேண்டும். தளத்தை வெட்டி லைன் போட்டுப் பூசிவிடலாம்தான். ஆனால் பழைய கான்கிரீட்டும் புதுப் பூச்சும் ஒட்டாது. நாலு முறை வண்டி ஏறி இறங்கினால் வெட்டிய கோட்டிலேயே விரிசல் விடும். அதற்குப் பதில் இரண்டு பக்கமும் குழி எடுத்து, தளத்துக்கு அடியில் படுக்கை வாக்கில் துளை போடலாம். வேலை ஒரு நாள்தான்.

இங்கே சொல்லும் அளவு எல்லாம் 8 அடி அகலத் தளத்துக்கு, 2 இஞ்ச் துளைக்கு. 1 இஞ்ச் பைப் (வெளி அளவு 32 எம்எம்) அதில் தாராளமாகப் போகும். 10 அடியைத் தாண்டினாலோ 3 இஞ்சைத் தாண்டினாலோ கையில் பிடிக்கும் கருவியோடு மல்லுக்கட்டாதீர்கள், அதற்கென்று மெஷின் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். கழிவுநீர் லைனுக்கும் இந்த முறை வேண்டாம். கழிவுநீருக்குச் சீரான வாட்டம் வேண்டும், கையால் போடும் துளை அந்த வாட்டத்தைக் கொடுக்காது.

அடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

காம்பவுண்டுக்குள் ஓடும் லைனுக்கு வரைபடம் யாரிடமும் இருக்காது. சேம்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். ஒரு சேம்பரிலிருந்து அடுத்த சேம்பருக்கு நூல் பிடித்தால் கழிவுநீர்க் குழாய் போகும் கோடு தெரிந்துவிடும். ஈபி சர்வீஸ் ஒயர் தரைக்கடியில் வந்தால், மீட்டர் போர்டுக்குக் கீழே எந்த இடத்தில் மண்ணிலிருந்து மேலே ஏறுகிறது என்று பாருங்கள். கேட்டுக்கு வெளியே கை வைப்பதென்றால் கதையே வேறு. அது உள்ளாட்சி அமைப்பின் இடம், அனுமதி வேண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள், பைப் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்வதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை வெளியிட்டது. வெளி வேலை என்றால் அதில் பதிவு செய்யுங்கள்.

1.1 கிலோவோல்ட் வரையிலான மின் கேபிளை 75 செ.மீ. ஆழத்தில் புதைக்கச் சொல்கிறது ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிலை. வீடுகளில் நடப்பது வேறு, ஒரு அடியிலேயே கிடக்கும். குழி எடுக்கும்போது தோட்டத்து மண்ணுக்கு நடுவே திடீரென்று ஆற்று மணல் பட்டையாக வந்தாலோ, செங்கல் வரிசையாகப் படுத்திருந்தாலோ கடப்பாறையைக் கீழே போட்டுவிடுங்கள். கேபிளுக்கு மேல் அப்படித்தான் மூடுவார்கள்.

எந்த டிரில்?

சுவரில் துளை போடும் 10 எம்எம், 13 எம்எம் சாதா டிரில் இதற்கு ஆகவே ஆகாது. வேகம் அதிகம், முறுக்கு குறைவு, கிளட்சும் கிடையாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 26 எம்எம் ரோட்டரி ஹேமர் (பிட்டைச் செருகி மாட்டும் எஸ்டிஎஸ் பிளஸ் வகை, 800 வாட்) 2 இஞ்ச் துளைக்குப் போதும். நாள் வாடகைக்கும் கிடைக்கும். சுத்தியலை அணைத்துவிட்டு, சுற்றுவதை மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். இதைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் உள்ளே இருக்கும் பாதுகாப்பு கிளட்ச். பிட் கல்லில் மாட்டினால் கிளட்ச் 'டரக்' என்று நழுவும், உங்கள் மணிக்கட்டு தப்பிக்கும்.

3 இஞ்ச் துளைக்குப் பெயின்ட், பசை கலக்கும் மிக்ஸர் மெஷின் நல்லது. 1400 வாட், இரண்டு கைப்பிடி, முதல் கியரில் மெதுவாகச் சுற்றும். பெரும்பாலானவற்றில் கிளட்ச் இருக்காது என்பதால் இரண்டு ஆள் இல்லாமல் தொடாதீர்கள்.

மரக்கன்று நடக் குழி போடும் பெட்ரோல் ஆகர் வேண்டாம். குழிக்குள் இறங்கி அதைப் படுக்க வைத்து ஓட்டினால் புகை முழுவதும் உங்கள் மூக்கு மட்டத்தில் தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எந்த மெஷினாக இருந்தாலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனிலிருந்துதான் கரன்ட் எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரின் பிளக் இணைப்பு குழிக்கு மேலே, காய்ந்த பலகையில் இருக்கட்டும்.

பிட்டும் கம்பியும்

பூச்செடி நட விற்கும் 50 எம்எம் ஸ்பைரல் பிட் ஆன்லைனில் கிடைக்கிறது, நீளம் சுமார் 16 இஞ்ச். அதன் வால் 8 எம்எம் அறுகோணம். இந்த வேலைக்கு அது முறிந்துவிடும். லேத் பட்டறையில் அதை வெட்டிவிட்டு 16 எம்எம் உருண்டைக் கம்பியை வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். டிஎம்டி கம்பி வேண்டாம், மொழுமொழுவென்று இருக்கும் சாதா எம்எஸ் ராடு.

நீட்டிப்புக்கு அரை இஞ்ச் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 3 அடித் துண்டு மூன்று, இரண்டு முனையிலும் மரை போட்டது. இணைக்க இரண்டு சாக்கெட். மெல்லிய கம்பியைவிட பைப் வளையாது. 16 எம்எம் ராடு அரை இஞ்ச் ஜிஐ பைப்புக்குள் அப்படியே நுழையாது. பைப்பின் உள் அளவே ஏறத்தாழ அவ்வளவுதான், உள்ளே தையல் மேடும் இருக்கும். லேத்தில் ஒரு எம்எம் கடைந்து 2 இஞ்ச் நீளத்துக்கு உள்ளே விட்டு, குறுக்கே 6 எம்எம் போல்ட் போட வேண்டும். டிரில் பக்கத்துக்குத் தேய்ந்த எஸ்டிஎஸ் பிட்டின் வாலை வெட்டி இதே போல ஒரு ராடில் வெல்டிங் வைக்கலாம். லேத்தில் கட்டி, மையம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். கண் அளவில் வைத்தால் கம்பி சவுக்கு மாதிரி ஆடும்.

வேலை குழியில்தான்

நேராகப் போவதும் கோணலாகப் போவதும் டிரில்லின் கையில் இல்லை, குழியின் கையில்தான் இருக்கிறது. துளை போடும் பக்கத்துக் குழி 5 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். கம்பி 3 அடி, மெஷின் ஒன்றரை அடி, மீதி உங்கள் முழங்காலுக்கு. குழியின் பின்சுவரில் அதே கோட்டில் அரை அடி அகலத்துக்கு 3 அடி நீளமாக ஒரு சால் வெட்டிவிடுங்கள். இது எதற்கு என்பது பின்னால் புரியும். எதிர்ப்பக்கம் 2 அடிக்கு 2 அடி போதும், ஆழம் மட்டும் அரை அடி கூடுதலாக இருக்கட்டும். இரண்டு குழியையும் தள ஓரத்தை ஒட்டி எடுக்காமல் அரை அடி தள்ளி எடுங்கள்.

துளையை 2 அடி ஆழத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தளத்துக்கு அடியில் முதல் ஒரு அடி பெரும்பாலும் வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் ஜல்லியும்தான். பிட்டைத் திருப்பிவிடுவது அதுதான். கீழே போனால் அசல் மண் கிடைக்கும்.

மட்டம் பார்க்க: தளத்தின் மேல் நூல் கட்டி, இரண்டு குழியிலும் தூக்குக்குண்டு இறக்கி, மண் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உயரத்துக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப். தள மேற்பரப்பிலிருந்து அளக்காதீர்கள், தளத்துக்கே தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். பிறகு குழிக்குள் இரண்டு இடத்தில் செங்கல் அடுக்கி, மேலே 'வி' வெட்டிய மரக்கட்டை வைத்து, கம்பியை அதில் படுக்க வையுங்கள். கம்பியின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 3 அடிக் கம்பியில் நாலு நூல் (அரை இஞ்ச்) ஏறினால் எட்டாவது அடியில் ஒன்றேகால் இஞ்சுக்கு மேல் ஏறியிருக்கும். முதல் ஒரு அடி துளை எப்படிப் போகிறதோ அப்படியேதான் கடைசி வரை போகும். அதனால் முதல் அடிக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

துளை போடும்போது

மெஷின் எந்தப் பக்கம் உதைக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் பிட் வலப்புறமாகச் சுற்றுகிறது. பிட் மாட்டினால் மெஷின் இடப்புறமாகச் சுற்றப் பார்க்கும். ஆகவே பக்கக் கைப்பிடியை இடது பக்கம் நீட்டி வைத்து, அதற்கு அடியில் செங்கல் மேல் ஒரு பலகை கொடுங்கள். உதை வந்தால் கைப்பிடி பலகையில் போய் நின்றுவிடும். வலது பக்கம் நீட்டி வைத்திருந்தால் அது மேலே எழும்பி முகவாயில் வந்து விழும். துணிக் கையுறை வேண்டாம், சுற்றும் பைப்பில் சுருட்டிக்கொள்ளும்.

மெதுவாக ஓட்டி, ஒரு தடவைக்கு அரை அடி மட்டும் போங்கள். பிறகு முழுவதும் வெளியே இழுத்து, பிட்டில் அப்பிய மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும். ஸ்பைரல் 16 இஞ்ச்தான். அதற்குப் பின்னால் இருப்பது வெறும் பைப், மண்ணை வெளியே தள்ளாது. நன்றாகப் போகிறதே என்று இரண்டு அடி ஒரே மூச்சில் போனால் மண் பிட்டுக்குப் பின்னால் இறுகி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றுவிடும். 8 அடிக்குப் பதினாறு பதினேழு தடவை இழுக்க வேண்டியிருக்கும். பின்சுவரில் வெட்டிய சால் இப்போதுதான் உதவும். இரண்டு பைப் சேர்ந்த நீளத்தையும் கழற்றாமல் அதன் வழியே பின்னால் இழுத்துவிடலாம். மொத்த மண் சுமார் ஐந்து லிட்டர்தான், உதிர்ந்த பிறகும் ஒரு பாண்டுக்குள் அடங்கிவிடும்.

ரிவர்ஸில் போடாதீர்கள்

இந்த வேலையில் பலர் தோற்பது இங்கேதான். பிட் மாட்டிக்கொண்டது, டிரில்லில் ரிவர்ஸ் பட்டன் இருக்கிறது, கை தானாகப் போகும். ஜிஐ பைப்பின் மரை வலது மரை. முன்னால் சுற்றும்போது அது இறுகும். ரிவர்ஸில் சுற்றினால் பிட் மண்ணில் கெட்டியாக நிற்க, சாக்கெட் மட்டும் சமர்த்தாகக் கழன்றுகொள்ளும். நீங்கள் இழுத்தால் பைப் சுலபமாக வரும், பிட் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். வெளியே வந்தது வெறும் மரை. பிட்டும் ஒரு சாக்கெட்டும் தளத்துக்கு நடுவில், ஐந்தாவது அடியில்.

இதற்கு இரண்டு காப்பு. ஒன்று, ஒவ்வொரு சாக்கெட்டிலும் பைப்பை நன்றாக முறுக்கிய பிறகு, சாக்கெட்டையும் பைப்பையும் சேர்த்துக் குறுக்கே 6 எம்எம் துளை போட்டு போல்ட் நட் மாட்டுங்கள். ஒரு சாக்கெட்டுக்கு இரண்டு போல்ட், இந்தப் பக்கப் பைப்புக்கு ஒன்று, அந்தப் பக்கப் பைப்புக்கு ஒன்று. ஒன்று மட்டும் போட்டால் மற்றப் பக்கம் கழலும். போல்ட் நீளம் நட்டுக்கு வெளியே நீட்டாதபடி வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் துளைச் சுவரைச் சுரண்டி மண்ணை இழுத்து விடும். எந்தத் துளை எந்தப் பைப்புக்கு என்று பெயின்டில் புள்ளி வையுங்கள். மரை ஒரு சுற்று முன்னே பின்னே போனாலும் துளைகள் நேராக வராது.

இரண்டு, போல்ட் இருந்தாலும் பிட்டை எடுக்கும்போது முன்பக்கமாகவே சுற்றவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இழுங்கள். சுற்றாமல் இழுத்தால் ஸ்பைரல் கார்க் திருகி மாதிரி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிஜமாகவே மாட்டிக்கொண்டால் மெஷினைக் கழற்றிவிட்டு, பைப்பில் பைப் ரெஞ்ச் போட்டுக் கையால் வலப்புறமாகத் திருப்பிக்கொண்டே இழுங்கள்.

கல்லில் மோதினால் சத்தம் மாறும், கம்பி துள்ளும். பிட்டை எடுத்துவிட்டு, அதே பைப்பின் முனையில் கூர் வைத்த ராடைப் போல்ட் போட்டு, பின்முனையில் சம்மட்டியால் நாலு போடு போடுங்கள். பின்முனை மரையில் ஒரு பழைய சாக்கெட் மாட்டிக்கொண்டு அடித்தால் மரை கெடாது. சின்னக் கல் என்றால் ஒதுங்கும். ஒதுங்கவில்லையென்றால் முக்கால் அடி கீழே புதுத் துளை தொடங்குவதுதான் வழி. பழைய துளைக்கு ஒட்டி ஆரம்பித்தால் பிட் பழைய துளைக்குள்ளேயே நழுவும்.

மண்ணுக்கு மண் வேறு

செம்மண் காய்ந்திருந்தால் முந்தின நாள் மாலை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவையுங்கள், காலையில் வெண்ணெய் மாதிரி வெட்டும். கரிசலில் இதைச் செய்யவே கூடாது. ஈரக் கரிசல் ஸ்பைரலில் அப்பி, பிட் வெறும் உருளையாகிவிடும். சுக்கான் கல் இருக்கும் மண்ணில் நேரம் இரட்டிப்பு.

மணலில் பிட்டை எடுத்தவுடன் துளை மூடிக்கொள்ளும். அங்கே டிரில்லை விட்டுவிட்டு, கூர் முனை வைத்த 1 இஞ்ச் ஜிஐ பைப்பைச் சம்மட்டியாலோ இடிக்கும் மெஷினாலோ அடித்து ஏற்றி, அதையே உறையாக விட்டுவிடலாம். இந்த முறை மண்ணை எடுக்காமல் ஒதுக்குகிறது. அதனால் துளை அளவைப்போலப் பத்து மடங்காவது ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் தளம் மேலே தூக்கும். தண்ணீர் பீய்ச்சித் துளை போடும் முறையை நிறையப் பேர் சொல்வார்கள். நடைபாதைக்கு ஒருவேளை சரி. கார் நிற்கும் தளத்துக்கு வேண்டாம். எவ்வளவு மண் கரைந்து போனது என்று தெரியாது, தளத்துக்கு அடியில் பொந்து விழும்.

பைப்பை இழுப்பது

பிட் எதிர்க்குழியில் வெளியே வந்ததும் கம்பியைத் திருப்பி எடுத்துவிடாதீர்கள். அங்கேயே பிட்டைக் கழற்றி, பைப்பைக் கம்பியின் முனையில் கட்டி, இந்தப் பக்கம் இழுங்கள். தண்ணீருக்கு 32 எம்எம் ஹெச்டிபிஇ சுருள் பைப் இருந்தால் தளத்துக்கு அடியில் இணைப்பே வராது. பிவிசி என்றால் 10 அடி நீளம் முழுசாக வாங்குங்கள். 2 அடிக் குழியில் அது வளையாது, எதிர்க்குழிக்குப் பின்னாலும் ஒரு சால் வேண்டும். பைப் முனையை டேப்பால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எட்டடி மண் உள்ளே வந்துவிடும். ஒயருக்கு என்றால் பைப்புக்குள் முன்கூட்டியே நைலான் கயிறு விட்டுவைப்பது நல்லது. ஒயரும் தண்ணீர் லைனும் ஒரே உறையில் போகக் கூடாது.

பைப்பைச் சுற்றி ஒரு சுண்டுவிரல் இடைவெளி இருக்கும். இரண்டு முனையிலும் ஒரு அடி நீளத்துக்கு ஈரக் களிமண்ணைக் குச்சியால் திணித்து அடையுங்கள், எலிக்கும் மழைத் தண்ணீருக்கும் வழி இருக்கக் கூடாது. குழியை மூடும்போது அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்துத் திமிசு போடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்தவர்களில் சிலருக்கு எதிர்க்குழியில் பிட் வரவே இல்லை. எட்டடி போனதும் நிறுத்தி, எதிர்க்குழிச் சுவரில் காதை வைத்து, இந்தப் பக்கம் கம்பியைச் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் பலமாகக் கேட்கும் இடத்தில் கடப்பாறையால் மெல்லக் குத்திப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சாண் தள்ளி அகப்படும். தட்டும்போது மெஷின் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும்.