மாதவிலக்கு வலிக்குக் கைவைத்தியம்: முதலில் காலண்டரை எடுங்கள்

கோவில்பட்டியில் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சுடிதாருக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகளில் சிலருக்கு நிற்கும்போதே முகம் வெளுத்திருக்கும், ஒரு கை அடிவயிற்றில் இருக்கும். "அக்கா, நாளைக்கு வரட்டா?" என்பார்கள். உட்கார வைத்து வெந்நீர் கொடுப்பேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "போன மாசம் என்னைக்கு வந்துச்சு?" பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் மகள் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். டாக்டரம்மா கேட்டது மூன்றே கேள்வி. கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின். துணியைக் கால் இஞ்சு பிசகாமல் வெட்டுகிற எனக்கு, மகளைப் பற்றிய ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. அதற்கு முன்னால் அவள் வலியில் சுருண்டு படுத்தபோதெல்லாம், என் அம்மா எனக்குச் சொன்னதையே நானும் சொல்லியிருந்தேன்: "கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்." அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால்தான் கஷாயத்துக்கு முன்னால் காலண்டரைச் சொல்கிறேன். ரத்தம் பட்ட முதல் நாள்தான் ஒன்றாம் நாள். நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது. அந்தத் தேதியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். நின்ற நாளில் ஒரு கோடு. நடுவில் ஒவ்வொரு நாளும் மாற்றிய நாப்கின் எத்தனை, வலி பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்டதா என்று சின்னதாக எழுதுங்கள். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு 21 நாளிலிருந்து 35 நாள் வரை இருந்தால் கவலை இல்லை. வயசுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகாத பிள்ளைகளுக்கு 45 நாள் வரைகூடப் போகும். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். என் மகளுக்கு 38, 26, 41 என்று வந்தது. நான் பயந்தது அதைப் பார்த்துத்தான். ஆனால் டாக்டரம்மா விரல் வைத்தது வேறு இடத்தில். எட்டு நாள் போக்கு, இரண்டாம் நாள் ஏழு நாப்கின். ரத்தம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

இனி வலிக்கு வருவோம். அந்த நாட்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அதுதான் கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிறது. அது அதிகமாகச் சுரந்தால் வலி, குமட்டல், சிலருக்கு வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும்.

இதற்கு வீட்டில் இருப்பதிலேயே நல்ல மருந்து சூடு. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் இருபது நிமிஷம் வையுங்கள். சூடு வைத்தால் வலி மாத்திரை அளவுக்கே கேட்கிறது என்று ஆராய்ச்சியும் இருக்கிறது. பை இல்லாவிட்டால் எங்கள் ஆச்சி செய்ததுபோல் இரண்டு கைப்பிடி கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து, கெட்டிப் பருத்தித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். முதலில் உங்கள் முழங்கைக்குள் வைத்துச் சூடு பாருங்கள். வலி வேகத்தில் பிள்ளைகள் தோல் வெந்துபோவதைக்கூடக் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்தது சுக்கு. வந்த அன்றே தொடங்கி மூன்று நாள், வேளைக்குக் கால் டீஸ்பூன் சுக்குப் பொடியை வெந்நீரில் கலந்து, சாப்பிட்ட பிறகு மூன்று வேளை. நிறையப் பேருக்கு வலி குறைகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். வெந்தயம், ஓமம் எல்லாம் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. மற்ற நாட்களில் வாரம் மூன்று முறையாவது முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பதும் உதவும். இது மாதக்கணக்கில் செய்தால்தான் தெரியும்.

உளுந்தங்களி இல்லாமல் எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு முடியாது. தோல் நீக்காத கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. வாசம் வரும்வரை தனித்தனியாக வறுத்து மாவாக அரைத்துச் சலித்து வையுங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் தட்டிய கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விசேஷம். இரண்டரை டம்ளர் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். ஆறிய கருப்பட்டித் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டி உள்ளே வேகாது. தீயைக் குறைத்து மரக்கரண்டியால் விடாமல் கிண்டுங்கள். நடுநடுவே நல்லெண்ணெய், மொத்தம் அரை டம்ளருக்குக் கொஞ்சம் கம்மி. நிறம் கறுத்து, சட்டியை விட்டு உருண்டு வரும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

களி சாப்பிட்டால் இடுப்பு எலும்பு பலப்படும், கர்ப்பப்பை பலப்படும் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது நல்ல சாப்பாடு, புரதம் உண்டு, அந்த நாளில் சோறு இறங்காத பிள்ளைக்கு ஒரு உருண்டை இறங்கும். ஆனால் 8.4-ஐ 12 ஆக்க அது போதாது. அரசுப் பள்ளியில் வாரம் ஒருநாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். என் மகளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன், பதினோரு மாத்திரை அப்படியே கிடந்தது. "குமட்டுதும்மா, வெளிக்கிப் போனா கறுப்பாப் போகுது" என்றாள். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன், கூடவே ஒரு நெல்லிக்காய். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கிடையாது. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. அந்த வாராந்திர மாத்திரை ரத்தம் குறையாமல் காக்கத்தான். அவளுக்கு ஏற்கெனவே குறைந்திருந்ததால் டாக்டரம்மா தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தார், அளவு ஏறிய பிறகும் சில மாதம் தொடரச் சொன்னார்.

வலி மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று பிள்ளைகளைத் துடிக்க விடாதீர்கள். மெஃபெனமிக் ஆசிட் போன்றவை அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கின்றன. வலி உச்சிக்குப் போகும் முன்னே, சாப்பிட்ட வயிற்றில் போட வேண்டும். அல்சரோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

நாள் தள்ளிப்போனால் எள்ளும் பப்பாளியும் தின்று வரவழைக்கச் சொல்கிறார்கள். அது வரவழைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கல்யாணமான பெண் முதலில் கர்ப்பமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதமாக வரவில்லை, கூடவே தாடையில் முடி, முகப்பரு, கழுத்துப் பிடரியில் கறுப்பு என்றால் சினைப்பை நீர்க்கட்டி பிரச்சினையாக இருக்கலாம். தைராய்டும் பார்க்க வேண்டும். நீர்க்கட்டியோடு உடல் பருமனும் இருந்தால் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே பலருக்கு நாள் சீராகிறது. எண்பது கிலோ இருப்பவருக்கு நாலே கிலோ. அதற்காகப் பட்டினி கிடந்தால் அதனாலேயே நின்றும் போகும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுகிறது, ஏழு நாளுக்கு மேல் நிற்கவில்லை, பதினைந்து வயதாகியும் வயசுக்கு வரவில்லை, வயதாகி மாதவிலக்கு அடியோடு நின்று ஒரு வருஷம் கழித்து மறுபடி படுகிறது: இதில் எதற்கும் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். காலண்டரையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மகள் இப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஹீமோகுளோபின் 12.3. நேற்று போன் போட்டு, "யம்மா, களி மாவு தீந்துட்டு" என்றாள். அறைத்தோழிக்கும் சேர்த்துக் கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு வலி வந்தால் வகுப்புக்கே போக முடியாதாம், பீரியட்ஸ் இல்லாத நாளிலும் வலிக்கிறதாம், வெளிக்குப் போகும்போதும் சுருக்கென்று குத்துகிறதாம். அது களியில் தீருகிற வலி இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், பெண்கள் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். வீட்டில் சொன்னால் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்கிறார்களாம். அவள் அம்மா நம்பரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி கடையைச் சாத்தியதும் பேச வேண்டும்.