லியோனார்டோ போர்டில் ஒரு ஆர்டுபாய்: செய்வது, கேம் எழுதுவது, அடுத்தவர் கையில் கொடுப்பது

திண்டுக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன கோடை விடுமுறையில் அக்கா மகள் தினமும் மதியம் கடைக்கு வந்துவிடுவாள். ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் போனை மேஜையில் வைத்துவிட்டு, "மாமா, இதெல்லாம் யாரோ செஞ்ச கேம். நாம ஒண்ணு செய்ய முடியாதா?" என்றாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். அன்று ஆரம்பித்து மூன்று வாரத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சால்டரிங் தெரியாதவர்களும் பிரெட்போர்டிலேயே (வயரைச் செருகினாலே போதும் என்கிற பலகை) முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஆர்டுபாய். அமெரிக்காவைச் சேர்ந்த கெவின் பேட்ஸ் 2014இல் டெட்ரிஸ் ஆடக்கூடிய ஒரு விசிட்டிங் கார்டைச் செய்து காட்டினார். அதுதான் 2015இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, ஆர்டுபாய் என்ற கையடக்க கன்சோலாக வந்தது. உள்ளே ஏடிமெகா32யு4 என்ற ஒரே சிப். புரோகிராமுக்கு 32 கிலோபைட், அதில் 4 பூட்லோடருக்கு (யூஎஸ்பி வழியாக வரும் கேமை ஏற்றிக்கொள்ளும் குட்டி நிரல்) போக நமக்கு 28. ரேம் இரண்டரை கிலோபைட். திரை 128க்கு 64 புள்ளி, கறுப்பு வெள்ளை மட்டும். பட்டன் ஆறு. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோவைக்கூட இந்த இடத்தில் அடக்க முடியாது. எனக்கு இது பிடித்ததே அதனால்தான். இவ்வளவு சின்ன இடத்தில் பெரிய கேமைத் தொடங்கி நடுவழியில் விட வாய்ப்பே இல்லை. சின்னதாக ஒன்றை எழுதி முடித்துவிடலாம்.

நிரல் ஏற்றிப் பழகுவதற்கென்றே வரும் ஆர்டுயினோ போர்டுகளில் லியோனார்டோ என்பதிலும் அதே சிப் இருக்கிறது. அதனால் ஒரிஜினல் ஆர்டுபாய் வாங்காமலே, பின் நம்பர் மாறாமல் வயர் இழுத்தால், அதற்காக எழுதிய கேம்கள் இதிலும் ஓடும். யூனோ போர்டு வேண்டாம், அதில் வேறு சிப். புரோ மைக்ரோவில் சிப் சரிதான், ஆனால் சில பின்கள் வெளியே வரவில்லை, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். முதல் முறை செய்பவர்கள் லியோனார்டோவே வாங்குங்கள்.

திரை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். நான் முதலில் ஆன்லைனில் வாங்கிய ஓஎல்இடி திரையில் நான்கு பின்தான் இருந்தது. அது ஐ2சி வகை (போர்டும் திரையும் பேசிக்கொள்ளும் ஒரு முறை), இதற்கு ஆகாது. நமக்கு வேண்டியது ஏழு பின் உள்ள, எஸ்பிஐ என்ற இன்னொரு முறையில் பேசும் வகை, 0.96 அங்குலம், உள்ளே எஸ்எஸ்டி1306 என்ற டிரைவர் சிப். 1.3 அங்குலம் பெரிதாக, அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் எஸ்ஹெச்1106 இருக்கும். லைப்ரரியை (திரை, பட்டன்களை இயக்கும் தயார் நிரல்) மாற்றாமல் ஓட்டினால் படம் சிதறிப் போகும், வயரில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் தேடுவீர்கள். 5 வோல்ட் சிக்னலையும் தாங்கும் என்று விற்பவர் குறிப்பிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், லியோனார்டோவின் பின்கள் 5 வோல்ட்.

மற்றவை எளிது. நான்கு கால் டாக்ட் சுவிட்ச் ஆறு, சத்தத்துக்கு ஒரு பீசோ, பிரெட்போர்டு, ஜம்பர் வயர், டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள். என் கடையில் சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் போர்டையே காட்டவில்லை என்று நானே ஒரு மணி நேரம் தேடினேன். முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

இனி வயர். திரையின் ஜிஎன்டி தரைக்கு (போர்டிலும் ஜிஎன்டி என்றே போட்டிருக்கும் பின்), விசிசி 3.3 வோல்ட்டுக்கு. சிஎஸ் 12ஆம் பின், டிசி 4, ஆர்இஎஸ் 6. டி0 என்பது கிளாக், டி1 என்பது டேட்டா. யூனோவில் பழகியவர்கள் இவற்றை 13, 11 என்று கொடுத்துவிடுவார்கள். லியோனார்டோவில் எஸ்பிஐ அங்கே இல்லை, ஐசிஎஸ்பி என்று போட்டிருக்கும் ஆறு முள் கூட்டத்தில்தான் இருக்கிறது. அதில் 3ஆவது முள்ளுக்கு டி0, 4ஆவது முள்ளுக்கு டி1. 1ஆம் முள்ளுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளியோ எண்ணோ இருக்கும், ஒற்றைப்படை எண்கள் எல்லாம் ஒரே வரிசையில் வரும்.

பட்டன்: மேல் ஏ0, வலது ஏ1, இடது ஏ2, கீழ் ஏ3. செயலுக்கான ஏ பட்டன் 7, பி பட்டன் 8. ஒவ்வொரு பட்டனிலும் ஒரு கால் பின்னுக்கு, இன்னொரு கால் தரைக்கு. ரெசிஸ்டர் வேண்டாம், சிப்புக்குள்ளேயே புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறது. டாக்ட் சுவிட்சின் நான்கு காலில் இரண்டிரண்டு உள்ளேயே சேர்ந்திருக்கும். எது எது என்று குழம்பாமல் எதிரெதிர் மூலைக் கால்களை எடுத்துக்கொண்டால் எப்போதும் சரியாக வரும். மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து, அழுத்தினால் மட்டும் 'பீப்' வருகிறதா என்று ஆறையும் பாருங்கள். பீசோவை 5க்கும் 13க்கும் நடுவில் மாட்டுங்கள்.

கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ ஐடிஇ (நிரல் எழுதி போர்டில் ஏற்றும் சாஃப்ட்வேர்) போட்டு, லைப்ரரி மேனேஜரில் 'ஆர்டுபாய்2' என்று தேடி நிறுவுங்கள். போர்டு லியோனார்டோ. லைப்ரரியோடு வரும் எடுத்துக்காட்டுகளில் ஹலோ வேர்ல்டை ஏற்றினால் திரையில் எழுத்து வர வேண்டும். வரவில்லையென்றால் பத்துக்கு ஒன்பது முறை டி0, டி1 இடம் மாறியிருக்கும்.

சரி, கேம். இவளுக்கு ஒரு பம்பரம் வேண்டும், மேலிருந்து கல் விழ வேண்டும், பம்பரம் விலக வேண்டும். அவ்வளவுதான் கதை. நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை, கட்டம் போட்ட கணக்கு நோட்டைத்தான் எடுத்துக் கொடுத்தேன். எட்டுக்கு எட்டு கட்டத்தில் பம்பரம் வரைந்தாள். முதல் வரிசையில் நடுவில் இரண்டு கட்டம். இரண்டாவதில் ஓரம் இரண்டும் விட்டு ஆறு. மூன்று, நான்காவது முழுதாக எட்டு. அப்புறம் ஆறு, நான்கு, கடைசி இரண்டு வரிசையும் ஆணிக்காக இரண்டிரண்டு.

இதை எண்ணாக மாற்றும்போது இடமிருந்து வலமாக அல்ல, ஒவ்வொரு நெடுவரிசையாகப் படிக்க வேண்டும். ஒரு நெடுவரிசையில் மேல் கட்டத்துக்கு 1, அடுத்தது 2, 4, 8, 16, 32, 64, கடைசிக்கு 128. நிரப்பிய கட்டங்களை மட்டும் கூட்டினால் அந்த நெடுவரிசை ஒரு பைட். முதல் நெடுவரிசையில் மூன்றாவதும் நான்காவதும் மட்டும் நிரம்பியிருக்கின்றன, 4ம் 8ம் சேர்ந்து 12. இரண்டாவது 2, 4, 8, 16 சேர்ந்து 30. மூன்றாவதில் ஒரு 32 கூடி 62. நடு இரண்டும் முழுக்க நிரம்பியவை, 255. மறுபக்கம் அதே எண்கள் திரும்பி வரும். ஆக 12, 30, 62, 255, 255, 62, 30, 12. முன்னால் அகலம் 8, உயரம் 8 என்று இரண்டு எண் சேர்த்தால் பத்து பைட்டில் ஒரு பம்பரம். அந்தப் பத்து எண்ணை அடித்து, திரையில் தான் வரைந்தது வந்து நின்றபோது அவள் நோட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாகச் சரிபார்த்தாள். படம் வரையும் சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் படத்தை மட்டும் கையால் கூட்டிச் செய்யுங்கள்.

படத்துக்கான எண்களை 'ப்ரோக்மெம்' என்று குறித்து வையுங்கள். அப்போது அவை புரோகிராம் இடத்திலேயே இருக்கும், குறிக்காவிட்டால் ரேமில் வந்து உட்காரும். இரண்டரை கிலோபைட் ரேமில், திரையைத் தயாரிக்கும் பஃபருக்கே 1,024 பைட் போய்விடுகிறது. மீதியில்தான் நம் பிழைப்பு.

கேமின் சுற்று எப்போதும் ஒன்றுதான்: அடுத்த பிரேமுக்கு (திரையில் ஒரு முறை வரையும் படம்) நேரமாயிற்றா பார், பட்டன்களைப் படி, திரையைத் துடை, எல்லாவற்றையும் நகர்த்து, வரை, காட்டு. விநாடிக்கு 60 முறை. கல்லைப் பிரேமுக்கு ஒரு புள்ளி இறக்கினால் 64 புள்ளியையும் ஒரு விநாடியில் கடந்துவிடும், யாராலும் விலக முடியாது. 'எவ்ரிஎக்ஸ்ஃபிரேம்ஸ்' என்ற கட்டளையில் 2 கொடுத்து, இரண்டு பிரேமுக்கு ஒரு புள்ளி என்று வைத்தோம். விழ இரண்டு விநாடி. ஆடிப் பார்த்து இப்படித்தான் பழக வேண்டும்.

ஒரு தப்பை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் இது வரும். இடத்தை மிச்சம் பிடிக்க பம்பரம் நிற்கும் இடத்தை ஒரு பைட்டில் வைத்திருந்தோம். இடது பட்டனைப் பிடித்தபடியே இருந்தால் பம்பரம் ஓரத்துக்குப் போய்க் காணாமல் போயிற்று. இரண்டு விநாடி கழித்து வலது ஓரத்தில் முளைத்தது! பைட்டில் 0க்குக் கீழே எண் கிடையாது. 0இலிருந்து ஒன்றைக் கழித்தால் 255 ஆகிவிடும். திரை 127இலேயே முடிகிறது, அதனால் 255இலிருந்து 127 வரை இறங்கும்வரை பம்பரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கழிக்கும் முன் 0தானா என்று பார்ப்பதுதான் மருந்து. காரணத்தை நான் சொல்லவில்லை. நோட்டில் எண்ணை எழுதி எழுதிப் பார்த்து அவளே பிடித்தாள்.

லைப்ரரியில் ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. கல் பட்டதும் 'அவுட்' என்று தமிழில் வர வேண்டும் என்றாள். தமிழுக்குத் தனித்தனி எழுத்தாக ஃபான்ட் செய்யப் போகாதீர்கள், முழுச் சொல்லையும் ஒரே படமாக வரையுங்கள். எட்டுப் புள்ளி உயரத்தில் ட் என்று போட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, வு-வின் சுழிக்கும் இடமில்லை. படத்தின் உயரம் எட்டு எட்டாகத்தான் கூடும், அதனால் 16 எடுத்தோம். 40க்கு 16, அதாவது 80 பைட்டில் 'அவுட்' தெளிவாக வந்தது. மேலே இரண்டு வரிசை புள்ளிக்கு, ஒரு வரிசை வெற்று, அதற்குக் கீழே எழுத்து.

அடுத்து, வேறு ஒருவர் கையில் கொடுத்து வாய் திறக்காமல் பாருங்கள். பக்கத்து டீக்கடைப் பையன் ஆடினான். 'அவுட்' வந்ததா என்றே தெரியவில்லை, உடனே புது ஆட்டம் ஓடியது. பதற்றத்தில் அவன் ஏ பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான், புது ஆட்டம் தொடங்க நாங்கள் 'பிரஸ்டு' (பட்டன் அழுத்தியபடி இருக்கிறதா) என்று கேட்டிருந்தோம். 'ஜஸ்ட்பிரஸ்டு' (இப்போதுதான் அழுத்தியதா) என்று மாற்றி, அவுட் ஆன பிறகு முதல் 30 பிரேமுக்குப் பட்டனையே கவனிக்காமல் விட்டோம். நாங்கள் இருவரும் நூறு தடவை ஆடியும் இது கண்ணில் படவில்லை.

ஒருநாள் அப்லோடே ஏறாமல் நின்றுவிட்டது. பயப்பட வேண்டாம். ஐடிஇ அப்லோடு தொடங்கும் நேரத்தில் போர்டின் ரீசெட்டை அழுத்துங்கள். பூட்லோடர் எட்டு விநாடி காத்திருக்கும், அதற்குள் ஏறிவிடும். மேல் பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்தாலும் லைப்ரரி ஃபிளாஷ்லைட் நிலைக்குப் போய் வழி விடும்.

எல்லாம் சரியென்றால் டாட் போர்டில் சால்டர் செய்துகொள்ளலாம். பவருக்கு பவர் பேங்க் போதும். ஆனால் இது இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு, சில பவர் பேங்க் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அப்படியானால் வேறு ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

பகிர்வதற்கு, ஸ்கெட்ச் மெனுவில் 'எக்ஸ்போர்ட் கம்பைல்டு பைனரி'. இரண்டு ஹெக்ஸ் கோப்பு வரும். 'வித் பூட்லோடர்' என்று பெயரில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதைக் கொடுங்கள். கன்சோல் இல்லாதவர்கள் அதை ஆர்டென்ஸ், புராஜெக்ட்ஏபிஇ போன்ற எமுலேட்டரில் (கன்சோலைப் போலவே நடிக்கும் சாஃப்ட்வேர்) திறந்து ஆடலாம். மூல நிரலையும், எந்தப் பட்டன் எதற்கு என்று இரண்டு வரியையும் சேர்த்து அனுப்புங்கள். இவள் தன் வகுப்புத் தோழிக்கு அனுப்பியபோது கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். தோழி ஓரத்தில் இரண்டு கட்டம் நிரப்பி, பம்பரத்துக்குச் சாட்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இப்போது அது பத்து நெடுவரிசை, பன்னிரண்டு பைட்.