டிஎன்எஸ்செக் சாவி மாற்றம்: பழைய சாவியை எப்போது எடுப்பது?

ஒரு நாள் ராத்திரி நான் பார்த்துக்கொள்ளும் டொமைன் ஒன்று பாதிப் பேருக்குக் காணாமல் போய்விட்டது. மீதிப் பேர் "எனக்கு நல்லாத்தானே வருது" என்றார்கள். என் மடிக்கணினியிலும் வந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, லாகில் ஒரு பிழையும் இல்லை. அன்று காலையில்தான் அந்த ஜோனின், அதாவது அந்த டொமைனின் டிஎன்எஸ் ரெக்கார்டுகள் எல்லாம் அடங்கிய தொகுப்பின், டிஎன்எஸ்செக் சாவியை மாற்றியிருந்தேன். டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று கையொப்பத்தால் காட்டும் ஏற்பாடுதான் டிஎன்எஸ்செக். கைகாட்ட வேறு யாரும் இல்லை.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வழக்கமான அமைப்பில் ஒரு ஜோனுக்கு இரண்டு சாவிகள். இசட்எஸ்கே ஜோனில் உள்ள ரெக்கார்டுகளுக்குக் கையொப்பம் போடும். கேஎஸ்கே, சாவிகள் அடங்கிய டிஎன்எஸ்கீ தொகுப்புக்குக் கையொப்பம் போடும். டிஎன்எஸ்கீ ரெக்கார்டில் 256 என்று இருந்தால் இசட்எஸ்கே, 257 என்றால் கேஎஸ்கே. கேஎஸ்கேயின் ஹேஷ் (சாவியிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறி) மட்டும் டிஎஸ் ரெக்கார்டாக மேலே, .com போன்ற பேரன்ட் ஜோனில் உட்கார்ந்திருக்கும். அதை நாம் நேரடியாகத் தொட முடியாது. டொமைனைப் பதிவு செய்து தரும் ரெஜிஸ்ட்ரார் வழியாகத்தான் போக வேண்டும். என் சிக்கல் அங்கேதான் பிறந்தது.

புது கேஎஸ்கேயைச் சேர்த்தேன். டிஎஸ்ஸை மாற்றினேன். என் ஜோனில் டிஎன்எஸ்கீயின் டிடிஎல் (பதிலை எத்தனை விநாடி கேஷில் வைத்திருக்கலாம் என்ற எண்) 3600, ஆகவே ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பழைய கேஎஸ்கேயை எடுத்துவிட்டேன். காத்திருந்தது சரி, பார்த்த கடிகாரம் தவறு. பேரன்டில் டிஎஸ்ஸின் டிடிஎல் 86400, அதாவது ஒரு முழு நாள். பழைய டிஎஸ்ஸை கேஷில் வைத்திருந்த ரிசால்வர்கள் (நமக்காக டிஎன்எஸ் பதில்களைத் தேடித் தரும் சர்வர்கள்) அது சுட்டிய சாவியைத் தேடின; சாவி இல்லை; சர்வ்ஃபெயில் என்ற பிழையைச் சொல்லிக் கையை விரித்துவிட்டன. கையொப்பத்தைச் சரிபார்க்காத ரிசால்வர் வழியாகவோ, புது டிஎஸ்ஸை ஏற்கெனவே எடுத்திருந்த ரிசால்வர் வழியாகவோ வந்தவர்களுக்கு எல்லாம் சுகமாக இருந்தது. நல்ல வேளை, பழைய சாவியின் பிரைவேட் ஃபைலை அழிக்காமல் வேறு டைரக்டரிக்கு நகர்த்தியிருந்தேன். திரும்பக் கொண்டுவந்து மறுபடி கையொப்பமிட்டதும், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் மெல்லச் சரியானது.

அதற்குப் பிறகு கேஎஸ்கேயை இப்படித்தான் மாற்றுகிறேன்.

முதலில் இரண்டு டிடிஎல்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன்: என் டிஎன்எஸ்கீயினுடையது, பேரன்டில் உள்ள டிஎஸ்ஸினுடையது. இரண்டாவதை ரிசால்வரிடம் கேட்டால் குறைந்துகொண்டே வரும் எண்தான் கிடைக்கும். பேரன்டின் நேம்சர்வரிடமே (அந்த ஜோனுக்குப் பதில் சொல்லும் சர்வர்) டிக் என்ற டிஎன்எஸ் கேள்விக் கட்டளையால் கேளுங்கள், முழு எண்ணைச் சொல்லும்.

அப்புறம் புது கேஎஸ்கேயை உருவாக்குவது. அல்காரிதம் 13, அதாவது பி-256 வளைவில் ஈசிடிஎஸ்ஏ. இதன் கையொப்பம் 64 பைட்தான். 2048 பிட் ஆர்எஸ்ஏ என்றால் 256 பைட். பதில்கள் சின்னதாக இருந்தால், டிஎன்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் யுடிபி நெறிமுறையில் தொந்தரவு குறைவு. ஆனால் பழைய சாவி ஆர்எஸ்ஏ என்றால் இந்தச் சமயத்தில் அல்காரிதத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள். அது தனி வேலை, அதன் வரிசையே வேறு.

புதுச் சாவியை ஜோனில் சேர்த்து, டிஎன்எஸ்கீ தொகுப்புக்குப் பழையது, புதியது இரண்டாலும் கையொப்பம் போடுங்கள். ஜோனின் நகலை வைத்திருக்கும் எல்லா செகண்டரி சர்வர்களும் புது சீரியல் எண்ணுக்கு (ஜோனின் பதிப்பு எண்) வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். கடைசி செகண்டரி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து டிஎன்எஸ்கீ டிடிஎல் அளவு காத்திருக்க வேண்டும்.

இப்போது டிஎஸ். ரெஜிஸ்ட்ராரின் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருக்கும்: கீ டேக் (சாவியின் அடையாள எண்), அல்காரிதம், டைஜஸ்ட் வகை, டைஜஸ்ட் (முன்பு சொன்ன ஹேஷ்). வகைக்கு 2, அதாவது எஸ்எச்ஏ-256. வகை 1 பழைய எஸ்எச்ஏ-1, அது வேண்டாம். டைஜஸ்ட் 64 எழுத்துகள். டிக் அதை நடுவில் ஓர் இடைவெளி விட்டு இரண்டாக உடைத்துக் காட்டும். அப்படியே காப்பி செய்து ஒட்டினால் சில படிவங்கள் முறைக்கும், சில பேசாமல் பாதியை விழுங்கிவிடும். ஒட்டிய பிறகு கடைசி எட்டு எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். கீ டேக் மட்டும் பொருந்துகிறது என்று விட்டுவிடாதீர்கள். அது வெறும் 16 பிட் எண், இரண்டு சாவிகளுக்கு ஒரே எண் வரலாம்.

ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் வருவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பேரன்டின் எல்லா நேம்சர்வர்களும் புது டிஎஸ்ஸைத் தர வேண்டும். கடைசிச் சர்வர் மாறிய நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து டிஎஸ்ஸின் டிடிஎல்லை எண்ணுகிறேன். என் நோட்டில் இப்படி இருக்கும்: "செவ்வாய் 10:00 புது கேஎஸ்கே. 10:20 செகண்டரிகள் சரி. 11:20க்கு மேல் டிஎஸ். 14:05 பேரன்ட் முழுக்க மாறியது. புதன் 14:05 வரை பழையதைத் தொடாதே." நடைமுறையில் வியாழன் காலைதான் எடுக்கிறேன். ஒரு நாள் கூடுதலாக இரண்டு சாவிகள் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அவசரப்படாததில் பெரிய முன்னுதாரணமே இருக்கிறது. டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் ஜோனின் கேஎஸ்கேயை 2017 அக்டோபரில் மாற்றுவதாக இருந்தது. புதுச் சாவியை இன்னும் எடுத்துக்கொள்ளாத ரிசால்வர்கள் இருப்பது தெரிந்ததும், ரூட் ஜோனை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு அதை ஒரு வருடம் தள்ளிவைத்து, 2018 அக்டோபர் 11 அன்றுதான் மாற்றியது.

இசட்எஸ்கே மாற்றுவதில் பேரன்டின் தலையீடு இல்லை, எளிது. புதுச் சாவியைச் சும்மா ஜோனில் வெளியிடுங்கள், அதைக் கொண்டு இன்னும் கையொப்பமிட வேண்டாம். டிஎன்எஸ்கீ டிடிஎல் போகட்டும். பிறகு புதியதால் கையொப்பமிடுங்கள். ஜோனிலேயே பெரிய டிடிஎல் எதுவோ அவ்வளவு நேரம் கழித்துப் பழையதை எடுங்கள்.

பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில் 9.16 முதல் டிஎன்எஸ்செக்-பாலிசி என்ற அமைப்பு இந்தக் காத்திருப்புகளைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. கையால் செய்யாமல் அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். அதன் டிஃபால்ட் பாலிசியில் இரண்டு வேலைக்கும் ஒரே சாவிதான், சின்ன ஜோனுக்கு அதுவே போதும். ஆனால் டிஎஸ் மேலே போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரிய வேண்டும்: பேரன்டைக் கேட்டுப் பார்க்கும்படி அமைக்கலாம், இல்லாவிட்டால் நீங்கள் பைண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கட்டளையால் சொல்ல வேண்டும். பேரன்ட் மாறும் முன்பே "போய்ச் சேர்ந்துவிட்டது" என்று சொன்னால் அது உங்களை நம்பிவிடும்.

சாவியை மாற்றாத நாட்களிலும் ஒரு கண் வேண்டும். கையொப்பங்களுக்குக் காலாவதி உண்டு. அந்த டிஃபால்ட் பாலிசியில் 14 நாள். சர்வரின் கடிகாரம் பிசகினாலோ, மறு கையொப்பம் சத்தமில்லாமல் நின்றாலோ இரண்டு வாரத்தில் டொமைன் விழும். காலாவதிக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு எச்சரிக்கை வரும்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது.

யாராவது "வரவில்லை" என்று சொன்னால் முதலில் சரிபார்க்கும் ரிசால்வர் ஒன்றிடம் டிக் போடுங்கள். சர்வ்ஃபெயில் வந்தால், அதே கேள்வியைச் சரிபார்ப்பை நிறுத்தும் சிடி கொடியோடு கேளுங்கள். இப்போது மட்டும் பதில் வந்தால் கோளாறு டிஎன்எஸ்செக்கில்தான். அந்த ராத்திரி இதைச் செய்யத் தோன்றாமல் ஃபயர்வாலைக் குடைந்ததில் எனக்கு நாற்பது நிமிடம் போனது.

டிஎன்எஸ்செக்கே வேண்டாம் என்று எடுத்தாலும் வரிசை முக்கியம்: முதலில் டிஎஸ்ஸை நீக்கச் சொல்லுங்கள், பேரன்டின் எல்லாச் சர்வர்களிலும் அது போன பிறகு அதன் டிடிஎல் தீரும் வரை சாவிகளும் கையொப்பங்களும் ஜோனிலேயே கிடக்கட்டும்.