மூன்று தலைமுறையோடு பினாங்குக்கு: பாட்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டில் குடியேறி இருபது வருடமாகியும், "ஊருக்குப் போறோம்" என்றால் எங்கள் வீட்டில் அது பினாங்குதான். அம்மா பிறந்தது தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில். அண்ணனும் நானும் வளர்ந்தது பட்டர்வொர்த்தில். இப்போது அண்ணன் லண்டனில், நான் மெல்பர்னில், அம்மா என்னோடு. போன டிசம்பரில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர் தீவுக்குப் போனோம். மூத்தவர் எழுபத்தெட்டு வயது அம்மா, இளையவள் ஆறு வயது மகள். இப்படிக் கூட்டமாகப் போகத் திட்டமிடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் சொல்ல விரும்புவது இதுதான். பயணத் திட்டத்தைப் பிள்ளைகளை வைத்துப் போடாதீர்கள், வயதானவரை வைத்துப் போடுங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் குளமும் ஐஸ் கச்சாங்கும் இருந்தால் எந்த நேரமும் நல்ல நேரம். அம்மாவுக்கு விடிந்ததிலிருந்து பதினோரு மணிவரை ஒரு பொழுது, மாலை ஐந்துக்குப் பிறகு ஒரு பொழுது, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் வெயில் அவரை உட்கார வைத்துவிடும். அந்த இரண்டு பொழுதுக்குள் முக்கியமானவற்றை வைத்தோம். மதியம் முழுக்க வெறுமனே விட்டோம். முதல் நாள் எரிச்சல்பட்ட அண்ணன், மூன்றாம் நாள் மதியம் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

நேர வித்தியாசமும் இதற்கு உதவியது. மெல்பர்ன் பிள்ளைகள் விடியுமுன்பே விழித்துக்கொண்டார்கள், லண்டன் பிள்ளைகள் மதியம்வரை எழவில்லை. பினாங்கில் டிசம்பரில் பொழுது விடிய ஏழு மணி தாண்டிவிடும். ஆகவே முதல் இரண்டு நாள் பாட்டியோடு இருட்டிலேயே பசியாறப் போனது என் பிள்ளைகள்தான். அந்த இரண்டு காலையில் அவர்கள் கேட்ட கதைகளை நானே அதற்கு முன் கேட்டதில்லை.

புறப்படும் முன்

மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கியவர்கள், அங்கேயே பிறந்திருந்தாலும், வருகையாளர்தான். நீங்கள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் செய்வது, கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத்துடையது இல்லை என்று மூடிவிடுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

எங்கள் அம்மா இன்னும் மலேசியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார். அவருக்கு அந்த அட்டை தேவையில்லை. ஆனால் இதில் ஒன்றை யோசிக்க வேண்டும்: குடிநுழைவு வரிசை குடிமக்களுக்கு வேறு, நமக்கு வேறு. பதினைந்து வருடத்துக்குப் பிறகு வந்திறங்கும் மூதாட்டியைத் தனியே ஒரு பக்கம் அனுப்பிவிட்டு நாம் இன்னொரு பக்கம் நிற்பது நன்றாக இருக்காது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். தள்ளிவரும் பணியாளர் கடைசிவரை கூடவே இருப்பார். நன்றாக நடக்கிறவராக இருந்தாலும் கேளுங்கள், விமான நிலையத்து நடை அவ்வளவு நீளம்.

மாத்திரைகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. மின்செருகி மூன்று முனை, லண்டன்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். விடுதியில் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு பத்து வெள்ளி சுற்றுலா வரி உண்டு, அறைகள் அதிகம் என்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிங்கிட்டை நம் ஆட்கள் இன்னும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

மாதம் பார்ப்பவர்களுக்கு: செப்டம்பர், அக்டோபரில் மழை கூடுதல். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள், தைப்பூசமும் அப்போதுதான் வரும். டுரியான் வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் பாலிக் பூலாவ் பக்கம் போக வேண்டும்.

எங்கே தங்குவது

இதில்தான் நாங்கள் தவறினோம். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரமானதிலிருந்து பழைய கடைவீடுகள் பல அழகான விடுதிகளாகிவிட்டன. அப்படி ஒன்றைப் படம் பார்த்து மயங்கி எடுத்தோம். வாசலில் அஞ்சடி என்ற கூரையிட்ட நடைபாதை, பூவேலை ஓடுகள், நடுவில் வானம் தெரியும் முற்றம் எல்லாம் இருந்தது. ஆனால் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. அம்மா இரண்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நான் கீழேயே பாய் போட்டுப் படுத்துக்கிறேன்பா" என்றார். அன்றிரவு அப்படித்தான் படுத்தார். என்னால் தூங்க முடியவில்லை. மறுநாள், மிச்ச இரவுகளின் பணம் போனால் போகட்டும் என்று, தஞ்சோங் தோக்கோங் பக்கம் மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக்கு மாறினோம்.

ஆகவே பதிவு செய்யுமுன் குளியலறைப் படம் கேளுங்கள். அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் படி இருக்கிறதா, கழிப்பறை எப்படிப்பட்டது, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படி ஒரு சாண் உயரம்தான் இருக்கும், இரவில் வழுக்கினால் பயணமே அங்கே முடிந்துவிடும். சில அடுக்குமாடிகளில் குறுகிய கால வாடகைக்கு அனுமதி இல்லை, அதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புலாவ் திக்குஸ், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் புங்கா ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் நான் சொல்வேன். நகரமும் கடற்கரையும் இரண்டும் பக்கம். பத்து பெரிங்கியில் தங்கினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் நகரத்துக்கு வரும் கடலோரச் சாலை ஒரே வளைவு. வார இறுதியில் வண்டிகள் ஊர்ந்துதான் வரும், பின்சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள். தங்குமிடத்தை ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், தினம் பெட்டி கட்டுவது பெரியவர்களைக் களைக்க வைக்கும்.

கடலைத் தாண்டி வாருங்கள்

கோலாலம்பூரில் இறங்கினால் பினாங்குக்கு இன்னொரு விமானம் பிடிக்கத் தோன்றும். வயதானவர் இருந்தால் ரயில் நல்லது. கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். கால் நீட்டலாம், நடக்கலாம், கழிப்பறை உண்டு. பள்ளி விடுமுறையிலும் பெருநாளிலும் இடம் கிடைக்காது, முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நிலையத்திலிருந்து ஃபெரித்துறைக்குக் கூரைக்கடியிலேயே நடந்து போகலாம். ஃபெரியில் இப்போது கார்களை ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் போகும் படகுதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவில் இறக்கிவிடும்.

பாலம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இரண்டு இருக்கிறது. ஆனால் முதல் பாலம் திறந்ததே 1985-இல். அம்மா காலத்து ஆட்களுக்குத் தீவு என்றால் கடலில் வந்து சேர்வதுதான். அக்கரை நெருங்கும்போது அம்மா கையை நீட்டி, "அங்கதான் ரஜுலா நிக்கும்" என்றார் பேத்தியிடம். மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பல் அது. தாத்தாவும் அதில்தான் வந்தாராம். என் மகள், "அந்தக் கப்பல்ல நீச்சல் குளம் இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டாள். அம்மா சிரித்து முடிக்குமுன் படகு துறையில் முட்டிவிட்டது.

காலைப்பொழுதுகள்

ஒரு காலை லிட்டில் இந்தியாவுக்கு. பழைய ஆட்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டைக் கடைத்தெரு என்றே சொல்வார்கள். எட்டு மணிக்குள் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவிலில் இருங்கள். 1833-இல் கட்டிய கோவில், உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்கள். பூக்கடையில் எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள், உங்கள் பிள்ளைகளையே வாங்க விடுங்கள். கடைக்கார அக்கா அம்மாவிடம், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அம்மா மெல்பர்ன் என்று சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோள்கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு விற்றதால் வந்த பெயர். அம்மா இதைக் கேட்டதும், "நாங்க ரப்பர் பால் வாளியைத் தூக்கினதும் காண்டா கம்புலதான்" என்றார். உடனே அண்ணன் மகன் குடையைத் தோளில் குறுக்கே வைத்து, இரண்டு பையை மாட்டி, கடைக்குள்ளேயே நடந்து காட்டினான். "முதுகைக் குனிக்காதே, முழங்காலை மடக்கு, பால் சிந்தும்" என்று அம்மா திருத்தினார்.

குழம்பெல்லாம் கலந்து மூழ்க ஊற்றச் சொல்ல பாஞ்சிர் என்பார்கள், மலாயில் வெள்ளம். பிள்ளைகளுக்கு வேண்டாம், காரம் ஏறிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டு சொல் முக்கியம். கூராங் மானிஸ் என்றால் இனிப்புக் குறைவு. தே ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. சொல்லாவிட்டால் தே தாரேக் என்ற பால் தேநீரில் கெட்டிப்பால் தாராளமாக இருக்கும். தமிழ்க் கடையில் "சீனி கம்மியா" என்றாலே போதும்.

இன்னொரு காலை, பினாங்கு ஹில் எனும் கொடிமலைக்கு. ஆயர் ஈத்தாமில் அடிவார நிலையம், காலை ஆறரைக்கே வண்டி ஓடத் தொடங்கும். ஒன்பதுக்குப் பிறகு வரிசை நீளும். 1923 முதல் ஓடும் இழுவை ரயில் இது, 2011-இல் புது வண்டிகள் வந்தன. மேலே குளிர்ச்சி, முருகன் கோவில், கீழே முழு நகரமும் பாலமும் தெரியும். மலேசிய அடையாள அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணம் குறைவு, அம்மாவின் அட்டையை எடுத்துப்போக மறக்காதீர்கள்.

தண்ணீர்மலைக்கு மாலையில் போங்கள். மேலே முருகன் கோவிலுக்கு 513 படி. ஏற முடிந்தவர்கள் ஏறட்டும், அம்மாவுக்குக் கீழே நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு 1894-இல் காரைக்குடியில் செய்து கொண்டுவந்த வெள்ளி ரதம் வந்து சேரும் இடம் அது. யாராவது ஒருவர் அம்மாவோடு கீழே இருங்கள். நான் இருந்தேன், படி ஏறவில்லை என்ற குறை எனக்கில்லை.

கடற்கரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்து பெரிங்கி மணல் நன்றாக இருக்கும், தண்ணீர் கலங்கல். ஜெல்லி மீன் வரும், எச்சரிக்கைப் பலகையைப் பாருங்கள். கொட்டினால் தேய்க்காமல் வினிகர் ஊற்றி மருத்துவரிடம் போங்கள். பதின்ம வயதினரைத் தெலுக் பகாங் தேசியப் பூங்காவுக்குப் படகில் அனுப்பலாம், ஆமை காப்பகம் அங்கே பந்தாய் கெராச்சுட்டில் இருக்கிறது.

தோட்டத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஒரு நாளை இதற்கென்றே விடுங்கள். ஓட்டுநரோடு வேன் ஒன்றை நாள் வாடகைக்கு எடுங்கள், ஒன்பது பேர் ஒரே வண்டியில் போவதுதான் சரி. பெரும்பாலான பழைய தோட்டங்கள் இப்போது வீட்டு மனைகளாகவோ தொழிற்பேட்டையாகவோ செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டமாகவோ ஆகிவிட்டன. வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைத் தேடிப் பயனில்லை. கோவிலைத் தேடுங்கள், தமிழ்ப்பள்ளியைத் தேடுங்கள். தோட்டம் போன பிறகும் பல இடங்களில் அந்தப் பெயரை அவை இரண்டும் வைத்திருக்கின்றன. வயதானவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லயம் இருக்காது என்று. நான் சொல்லியிருந்தேன். அப்படியும் அம்மா வண்டியிலிருந்து இறங்கி வெகுநேரம் பேசவில்லை.

மாரியம்மன் கோவில் மட்டும் இருந்தது, புதிதாக வண்ணம் அடித்து. பூசாரியின் மனைவி மோர் கொடுத்தார். இரண்டு வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரித்ததும் அம்மாவுக்குக் குரல் திரும்பியது. பிறகு கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் வாகன நிறுத்துமிடத்தைக் காட்டி, "இதுதான் பெரட்டுக்களம். விடியக்காலை அஞ்சு மணிக்கு இங்க வந்து பேர் கொடுக்கணும்" என்றார். பிள்ளைகள் அங்கே போய் வரிசையாக நின்றார்கள். அம்மா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் அன்று மின்னூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீடுகளை இதே நாளில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடாமல் விடமாட்டார்கள், அம்மா மறுக்கவும் மாட்டார். ஒரு மாலை எல்லாரையும் ஒரே சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னோம், நாற்பது பேர் வந்தார்கள். கெடாவில் சொந்தம் இருந்தால் அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி என்பதை நினைவில் வையுங்கள்.

திரும்பும் முன்தினம் சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாயும் பிஸ்கட்டும் வாங்குங்கள். ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் உணவுப் பொருள் எல்லாவற்றையும் வருகை அட்டையில் குறித்துவிடுங்கள். குறித்துக் காட்டினால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், அல்லது அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். அம்மா கோவில் வாசலில் கிள்ளிய ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். அதை பினாங்கு விமான நிலையத்திலேயே பூசாரி வீட்டுப் பேரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வழியனுப்ப வந்திருந்தான்.