காற்று தூக்கிய தகரக் கூரையை இறுக்கியது

புயல் கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, தூக்குகிறது. அதனால் முதலில் கழல்வது ஓரத்து ஷீட்டும் முகட்டுத் தகடும்தான். நடுப்பகுதி சரியாகத் தெரிந்தாலும் ஓரத்து ஸ்குரூக்களைத் திருகிப் பார்த்தேன். பல சும்மா சுற்றின, இறுகவில்லை.

பழைய ஓட்டையில் அதே அளவு ஸ்குரூ பிடிக்காது. 5.5 மி.மீ. இருந்த இடத்தில் 6.3 மி.மீ. போட்டேன், ரப்பர் வாஷரோடு. ஓரத்திலும் முகட்டிலும் நெளியின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. நெளி ஷீட்டில் பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்ட கதைதான். வாஷர் லேசாகப் பிதுங்கியதும் டிரில்லை நிறுத்த வேண்டும். இன்னும் அழுத்தினால் ரப்பர் கிழியும், ஷீட்டும் குழியும், குழியில் நீர் தேங்கிச் சொட்டும். ஒழுகலுக்குப் பல நேரம் இந்த அவசரம்தான் காரணம்.

மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் குறைந்தது 150 மி.மீ. ஏறியிருக்கட்டும். சாய்வு குறைவென்றால் இடையில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வையுங்கள். வெளியே சிலிக்கான் அப்புவது வீண் வேலை, நாளடைவில் உரிந்துவிடும்.

ஈரத்தில் ஏறாதீர்கள். காய்ந்த பிறகும் ஸ்குரூ வரிசையிலேயே காலை வையுங்கள், அடியில் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் அங்கேதான் இருக்கிறது. சிமெண்ட் ஷீட் என்றால் பலகை போடாமல் மிதிக்கவே கூடாது.