தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அறிமுகம் செய்யும்போது "அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். வாசகருக்குச் சட்டென்று புரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மற்றப் பிழைகள் பலவும் இந்த ஒரு சொல்லிலிருந்தே கிளைக்கின்றன.

டெல்லியில் இருக்கும் நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஜாமீன் மனுவும் போகும், நிலத் தகராறும் போகும், அரசியலமைப்புச் சிக்கலும் போகும். 1995-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க நீதிமன்றமோ முதல் 18 ஆண்டுகள் அரசியலமைப்பு தொடர்பான வழக்குகளை மட்டுமே கேட்டது. மற்றவற்றில் புளூம்ஃபொன்டெயினில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதே கடைசி. 2013-இல் வந்த 17-ஆவது திருத்தத்துக்குப் பிறகுதான், பொது முக்கியத்துவம் உள்ள சாதாரணச் சட்டக் கேள்விகளும் இங்கே வரலாம் என்றானது. ஆகவே ஒரு வழக்கைப் பற்றி எழுதுமுன் அது எந்த ஆண்டு வழக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நீதிபதி அமர்வு, மூன்று நீதிபதி அமர்வு என்று எழுதுவதும் தவறு. மொத்தம் 11 நீதிபதிகள். ஒரு வழக்கைக் குறைந்தது 8 பேராவது சேர்ந்து கேட்க வேண்டும்.

அடுத்தது, பழைய நீதிமன்றங்கள் எல்லாமே நிறவெறி ஆட்சிக்குத் தலையாட்டின, அதனால் புதியது தேவைப்பட்டது என்ற கதை. பாதி உண்மை. 1951-இல் கேப் மாகாணத்தின் கலப்பின மக்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க அரசு சட்டம் போட்டது. இரு அவைகளும் கூடி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தராமல் அப்படிச் செய்ய முடியாது என்று 1952-இல், அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு மன்றம் அந்தச் சட்டத்தை அடித்தது. உடனே நாடாளுமன்றம், அந்த மன்றத்தின் தீர்ப்பை மாற்றக்கூடிய ஓர் உயர் நீதிமன்றமாகத் தன்னையே அறிவித்துக்கொண்டது. அதையும் நீதிபதிகள் செல்லாது என்றார்கள். பிறகு அரசு வேறு வழி பிடித்தது. 1955-இல் மேல்முறையீட்டு மன்றத்தில் நீதிபதிகள் எண்ணிக்கையை 11 ஆக்கியது, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும்படி மேலவையான செனட்டையும் பெரிதாக்கித் தன் ஆட்களால் நிரப்பியது. 1956-இல் அதே மன்றம் எல்லாம் சரி என்று ஏற்றது. ஒரே ஒரு நீதிபதிதான் மறுத்தார்.

இந்த நினைவு இல்லாமல், நிறவெறி ஆட்சியை முடிக்க 1990-களில் நடந்த பேச்சுவார்த்தையைப் புரிந்துகொள்ள முடியாது. பழைய அமைப்பில் நீதிபதிகள் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையின ஆண்கள். நாடாளுமன்றத்துக்கு மேலே அரசியலமைப்பு இருக்க வேண்டும், அதைக் காக்கும் பொறுப்பைப் புதிய ஆட்களிடம்தான் தர வேண்டும் என்ற முடிவு அப்படி வந்தது.

சரி, அப்படியானால் இது மண்டேலாவின் நீதிமன்றமா? திறந்து வைத்தவர் அவர்தான், 1995 பிப்ரவரியில். முதல் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன், மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்த ரிவோனியா வழக்கில் அவர் தரப்புக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் இருந்தவர். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், உள்ளாட்சித் தேர்தல் தொடர்பாக மண்டேலா பிறப்பித்த அறிவிப்புகளை இந்த நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பை ஏற்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். இதைவிடப் பெரியது 1996 செப்டம்பரில் நடந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை எழுதிய புதிய அரசியலமைப்பையே, முன்பு ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளோடு முழுவதும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்திய வடிவம் டிசம்பரில்தான் ஒப்புதல் பெற்றது. "நீதிமன்றம் சான்றளித்தது" என்று ஒரே வரியில் கடந்து போகிறவர்கள் இந்த மறுப்பை விட்டுவிடுகிறார்கள்.

மரண தண்டனை ஒழிப்பை மக்கள் விருப்பமாக எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அப்போதிருந்த இடைக்கால அரசியலமைப்பில் மரண தண்டனை பற்றி நேரடியாக எதுவும் இல்லை. பொதுமக்களில் பெரும்பாலோர் தண்டனை வேண்டும் என்கிற பக்கம் இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டேதான், 1995 ஜூன் 6 அன்று 11 நீதிபதிகளும் கொலைக்குற்றத்துக்கான மரண தண்டனை செல்லாது என்றார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காரணம் எழுதினார்கள். நம் பச்சன் சிங் வழக்கையும் படித்தார்கள். 1980-இல் நம் நீதிமன்றம் "அரிதினும் அரிதான" வழக்குகளுக்கு என்று மரண தண்டனையை வைத்துக்கொண்டது. அவர்கள் அந்த வழியில் போகவில்லை.

இப்படிப்பட்ட தீர்ப்புகளை மட்டும் படித்துவிட்டு, ஏழை போய் நின்றால் அந்த நீதிமன்றம் கைவிடாது என்று எழுதுகிறோம். என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். 1997-இல் டர்பனைச் சேர்ந்த 41 வயதுக்காரர் ஒருவர் வந்தார். சர்க்கரை நோய், இதய நோய், செயலிழந்த சிறுநீரகங்கள். வேலை இல்லை, தனியார் டயாலிசிஸுக்குக் கொடுத்துவந்த பணமும் தீர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இயந்திரங்கள் குறைவு என்பதால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்கே நிரந்தர டயாலிசிஸ் என்று விதி வைத்திருந்தார்கள். இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை.

அவர் தரப்பு நம் நாட்டுத் தீர்ப்பு ஒன்றைத் துணைக்கு அழைத்தது. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டவரை மேற்கு வங்கத்தில் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை திருப்பி அனுப்பிய வழக்கு அது. 1996-இல் நம் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. சாஸ்கல்சன் அதைப் படித்துவிட்டு, அது திடீர் விபத்து, அவசர சிகிச்சை; இதுவோ நாள்பட்ட நோய் என்று வேறுபடுத்தினார். மனு தள்ளுபடியானது. மனுதாரர் சிறிது காலத்திலேயே இறந்துபோனார். ஒவ்வொரு முறை இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதும் மனம் கனத்துப் போகிறது. ஆனால் இதைப் படித்த பிறகுதான் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் எடை தெரியும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்து அரசிடம் இருந்தும் சில மருத்துவமனைகளோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தடையைத் தாமதமின்றி நீக்கச் சொன்னது இதே நீதிமன்றம். அங்கே பற்றாக்குறை என்ற வாதம் நிற்கவில்லை.

கடைசியாக நமக்கு மிக நெருக்கமான மூக்குத்தி வழக்கு. டர்பனில் ஒரு மாணவி மூக்குத்தி அணிந்து வரக் கூடாது என்று பள்ளி சொன்னது. தென்னிந்தியக் குடும்பம், பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவது எங்கள் வழக்கம் என்று தாய் சொன்னார். 2007-இல் தீர்ப்பு மாணவிக்குச் சாதகமாக வந்தது. "மூக்குத்தி இந்து மதத்தின் கட்டாயக் கடமை என்று நீதிமன்றம் ஏற்றது" என்று இதை எழுதினால் தலைகீழாகப் போய்விடும். ஒரு வழக்கம் மதத்துக்கு இன்றியமையாததா என்று பார்ப்பது நம் நீதிமன்றங்களின் முறை. தலைமை நீதிபதி பியஸ் லங்கா, இது கட்டாயமில்லாத வழக்கம்தான் என்று சொல்லிவிட்டே பாதுகாப்புத் தந்தார். ஒருவர் தன் விருப்பத்தோடு, தன் தமிழ், இந்து அடையாளத்தின் பகுதியாகக் கடைப்பிடிக்கிற வழக்கத்துக்கும் அதே மதிப்பு உண்டு என்பது அவர் வாதம். வழக்கு அங்கே வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டிருந்தார். கேள்வி மற்ற மாணவர்களுக்கும் உரியது என்று சொல்லித்தான் விசாரித்தார்கள்.