ஊர்ப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டுமா? ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மனு போடும் முறை

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும், சுற்றுச்சுவர் இல்லாத பள்ளிக்கூடமோ காரை பெயர்ந்த நூலகமோ கண்ணில் படும். கேட்டால், “ஊராட்சியில் நிதி இல்லை” என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். ஊர் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது.

மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. சுவருக்கு 9 லட்சம் ஆகுமென்றால் ஊர் 3 லட்சம் தர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிக்காரர்கள் இதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச் வேலைகளுக்கும் தனியார் சொத்துக்கும் இந்தப் பணம் கிடையாது.

முதல் படி: நிலம்

எல்லோரும் வசூலில்தான் தொடங்குகிறார்கள். நான் நிலத்தில் தொடங்கச் சொல்வேன். வேலை நடக்க வேண்டிய இடத்தின் புல எண்ணை (சர்வே நம்பர்) கண்டுபிடியுங்கள். அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், நிலம் யார் பெயரில், என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும், எல்லைகளைக் காட்டும் புலப்படமும் வரும். புரியவில்லையா, அச்செடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போங்கள்.

பார்க்க வேண்டியது இதுதான்: பள்ளி நடக்கும் இடம் முழுவதும் பதிவேட்டில் பள்ளியின் பெயரில் இருக்கிறதா? அல்லது ஒரு மூலை யாருடைய பட்டாவிலாவது கிடக்கிறதா? எப்போதோ ஒரு பெரியவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலமாக இருக்கலாம். பேரப்பிள்ளைகள் இன்று மறுக்கலாம். அப்படியிருந்தால் முதலில் தானப்பத்திரம், பிறகுதான் மற்றதெல்லாம். ஏரி, ஓடை, கானாறு என்று பதிவாகியிருந்தால் அங்கே கட்டடம் கட்ட நினைக்கவே வேண்டாம். அது நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது நீர்நிலைக்கான அரசு நிலம்; அனுமதி வராது.

ஏரியையே தூர்வாரப் போகிறீர்கள் என்றால், அது யார் ஏரி என்று கேளுங்கள். பொதுவாக ஆயக்கட்டு (ஏரி பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது, மேலே என்றால் நீர்வளத் துறையுடையது.

இரண்டாவது: கிராம சபைத் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேராவது வந்திருக்க வேண்டும். பெண்களை அழைத்து வாருங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருகிறவர்கள் பேசினால் தீர்மானத்துக்குத் தனி வலு. புல எண், வேலையின் பெயர், மக்கள் பங்கு தரச் சம்மதம் என்ற மூன்றும் தீர்மானத்தில் இருக்கட்டும். நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது: மதிப்பீடு

நகலோடு ஒன்றிய அலுவலகம் போய், கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) மனு கொடுங்கள். ஓவர்சியர் வந்து அளந்து, அரசின் விலைப்பட்டியல்படி மதிப்பீடு போடுவார். அவர் அளக்கும்போது தலைமையாசிரியரும் கூட நிற்பது நல்லது. கேட் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நான்காவது: பணம்

மதிப்பீட்டுத் தொகை தெரிந்த பிறகே வசூல். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, ஒவ்வொருவருக்கும் ரசீது, ஊராட்சி அலுவலகச் சுவரில் கணக்கு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களும் குடியாத்தத்தில் தறி ஓட்டுகிறவர்களும் கூலியிலிருந்து எடுத்துத் தருகிற காசு அது. முடியாதவர்களை வற்புறுத்தாதீர்கள், பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், பக்கத்து நிறுவனங்களைக் கேளுங்கள். ஒரே ஆள் முழுப் பங்கைத் தந்தாலும் திட்டம் ஏற்கும். மக்கள் பங்கு பாதியைத் தொட்டால், பணம் தந்தவர்களே வேலையை எடுத்துச் செய்யவும் அனுமதி கேட்கலாம்.

ஐந்தாவது: ஆட்சியரிடம் மனு

சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். தீர்மான நகல், மதிப்பீடு, அ-பதிவேடு, புலப்படம், இடத்தின் இரண்டு புகைப்படம், பங்குத்தொகை தரச் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநருக்கு. மக்கள் பங்குக்கான டி.டி. (வங்கி வரைவோலை) யார் பெயரில் எடுக்க வேண்டும் என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலூர் மாநகராட்சி, குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிக்காரர்களுக்கு நகர்ப்புறத்துக்கான ‘நமக்கு நாமே’ தனியாக இருக்கிறது; அவர்கள் ஆணையரிடம் போக வேண்டும்.

நிர்வாக அனுமதி ஆணை வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். சுவரின் நீளம், உயரம், தொகை எல்லாம் அதில்தான் இருக்கும். வேலை நடக்கும்போது டேப் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நிதி ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தால், அதே கட்டோடு சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். தொகுதி மேம்பாட்டு நிதிக்கும் இதே நில ஆவணமும் இதே மதிப்பீடும்தான் கேட்பார்கள்.